பச்சைச் சட்டைக் கங்காணிகள்

பசுமை வேலை வேண்டுமா? முதலில் ஒரு பச்சைச் சட்டை வாங்குங்கள். பாலியஸ்டர் போதும். பெட்ரோலியத்திலிருந்து வருகிற நூல்தான், படத்தில் அது தெரியாது. முதுகில் ஓர் இலை இருக்க வேண்டும். இலையைத் தாங்க இரண்டு கைகள். கைகள் வழுவழுவென்று இருந்தால் உத்தமம். உர மூட்டை தூக்கிய கையை எந்த நிறுவனமும் தன் சின்னத்தில் போட்டதில்லை.

அடுத்தது பயிலரங்கு. இலவசம். செரண்டாவில் கொமுட்டர் ஏறி கோலாலம்பூர் போனால் ஹோட்டல் மண்டபம், கம்பளி கேட்கும் குளிர், ஆளுக்கொரு பிளாஸ்டிக் போத்தல் தண்ணீர். மேடையில் ஒருவர் பூமியின் வெப்பத்தைப் பற்றிப் பேசுவார். அவருக்குப் பின்னால் வருபவர் சுயதொழிலைப் பற்றிப் பேசுவார். இனி உங்களுக்கு முதலாளி கிடையாது, நீங்களே முதலாளி, உலகமே உங்கள் சந்தை, ஒரு மடிக்கணினி போதும். பலத்த கைதட்டல். கேள்வி நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஒருவன் எழுந்து, "அதெல்லாம் சரி சார், காசு யார் கொடுப்பாங்க?" என்பான். உடனே தேநீர் இடைவேளை வந்துவிடும்.

எண்களுக்குக் குறைவில்லை. 2023 ஜூலையில் தேசிய எரிசக்தி மாற்றத் திட்டத்தின் முதல் பகுதியை வெளியிட்டார்கள். 10 முதன்மைத் திட்டங்கள். 2,500 கோடி ரிங்கிட் முதலீடு. 23,000 வேலை வாய்ப்புகள். வாய்ப்பு என்பதைக் கவனியுங்கள். வேலை என்றால் சம்பளச் சீட்டு இருக்கும், இபிஎஃப் பிடிப்பார்கள், சொக்சோ இருக்கும். வாய்ப்புக்கு அதெல்லாம் கிடையாது. அதை மேடையிலிருந்து தூவலாம்.

செரண்டாவில் நின்று பார்த்தால் இந்த நாட்டின் எதிர்காலம் நன்றாகவே தெரியும். சுங்கை சோவில் பெரோடுவா காருக்குக் கார் இறக்கிக்கொண்டிருக்கிறது. இந்தப் பக்கம் ஒரு தொழிற்பேட்டையில் ரோல்ஸ் ராய்ஸ் விமான என்ஜினுக்கு விசிறிக் கூடு செய்கிறார்கள். உலகத்தின் வானத்தில் பறப்பது நம் ஊர்ச் சரக்கு. பெருமைதான். சற்றுத் தள்ளி புக்கிட் பெருந்தோங்கில் 90களின் கனவுகள் காலியான அடுக்குமாடிகளாக நின்று பாசி பிடிக்கின்றன. எதிர்காலம் இந்தப் பக்கம் ஒரு முறை வந்து போய்விட்டது. இப்போது பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு மறுபடி வந்திருக்கிறது. முந்திய பாக்கியைப் பற்றிப் பேச்சே இல்லை.

நம் தாத்தா பாட்டிகள் தோட்டத்தில் எதற்காகச் சண்டை போட்டார்கள்? மாதச் சம்பளத்துக்கு. மழை பெய்தால் பால் மரம் வெட்ட முடியாது. வெட்டாத நாளுக்குக் கூலி இல்லை. வானம் இருண்டால் அடுப்பும் இருண்டது. 1954இல் சங்கங்கள் ஒன்றுகூடித் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமானது. அதன் பிறகும் தலைமுறை தலைமுறையாக அதே கோரிக்கை: வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாதம் இவ்வளவு என்று நிச்சயமாகச் சொல்லுங்கள். அதைக் கேட்டுக் கேட்டே பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகளைக் குளிர் அறையில் உட்காரவைத்து, மாதச் சம்பளம் என்பது அடிமைத்தனம், வேலை வந்த நாளுக்கு மட்டும் காசு என்பதே விடுதலை என்று பாடம் நடத்துகிறார்கள். பாடம் நடத்துகிறவருக்கு மாதச் சம்பளம்.

கங்காணியை நமக்கு நன்றாகத் தெரியும். ஊருக்குப் போய் ஆள் பிடித்து வருவார். எத்தனை ஆள் வேலைக்கு இறங்குகிறதோ, அத்தனை பேருக்கும் அன்றைய தலைக்காசு அவருக்கு. நீங்கள் மரத்தடியில் குனிந்தால் அவர் பையில் சில்லறை விழும். 1938இல் இந்திய அரசு கூலியாட்களை அனுப்புவதைத் தடுத்தது. அந்த ஏற்பாடு அத்தோடு முடிந்தது என்று வரலாற்றுப் புத்தகம் சொல்கிறது. வரலாற்றுப் புத்தகம் எழுதியவர் ஃபைவர் என்ற ஃப்ரீலான்ஸ் தளத்தின் பக்கம் போனதில்லை போலும். அங்கே நீங்கள் சம்பாதிக்கும் ஒவ்வொரு 100 டாலருக்கும் 20 டாலர் தளத்துக்கு. அப்வொர்க்கில் இன்னும் விசேஷம். வேலை கேட்டு மனுப்போடவே காசு. வேலை கிடைக்காவிட்டாலும் பெரும்பாலும் அந்தக் காசு திரும்பாது. நம் கங்காணியைப் பற்றி ஆயிரம் குறை சொல்லலாம். பெரட்டுக் களத்தில் வந்து நின்றதற்கு அவர் கட்டணம் வாங்கியதாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. தீபாவளிக்குச் சேலையாவது கொடுத்தார் என்பார்கள். தளம் மதிப்புரை கேட்கிறது, ஐந்து நட்சத்திரத்துக்கு.

அந்தத் தளங்களின் பசுமைப் பகுதிக்குள் போய்ப் பாருங்கள். ஒரு நிறுவனம் தன் இணையப் பக்கத்துக்குச் சுற்றுச்சூழல் கட்டுரை கேட்கிறது. ஆயிரம் சொற்கள், பூமியின்மேல் பேரன்பு கட்டாயம், விலை பேசலாம். செரண்டாவிலிருந்து நம் பிள்ளை 50 டாலர் கேட்கிறான். மணிலாவிலிருந்து ஒருத்தி 30 என்கிறாள். லாகூரிலிருந்து ஒருவன் 15. கடைசியில் ஒருவர் 5 டாலருக்கு, நாளைக்கே, மூன்று முறை இலவசத் திருத்தத்தோடு என்று வருகிறார். அவரும் வயிற்றுக்குத்தான் வருகிறார், அவரைத் திட்டிப் பயனில்லை. ஏலம் நடத்துகிறவன் ஒருவன் இருக்கிறானே, அவன் பல ஊர் ஏழைகளையும் ஒரே வரிசையில் நிறுத்திவிட்டுத் தன் பங்கை எண்ணிக்கொண்டிருக்கிறான். இப்போது அந்த 5 டாலரும் மிச்சம். கட்டுரையை இயந்திரமே எழுதுகிறது. கரிம உமிழ்வைக் குறைக்கச் சொல்லும் கட்டுரையை எழுதித்தர எங்கோ ஒரு கிடங்கில் கணினிகள் சூடாகின்றன. ஜொகூரில் அந்தக் கிடங்குகளுக்கு இடம் ஒதுக்கி முடியவில்லையாம்.

காசு நிஜமாகவே புரள்கிற இடம் ஒன்று உண்டு. அறிக்கை. பங்குச் சந்தையில் இருக்கும் கம்பெனிகள் சுற்றுச்சூழலுக்கும் சமுதாயத்துக்கும் என்ன செய்தோம் என்று ஆண்டறிக்கையில் சொல்லியாக வேண்டும் என்பது 2016 முதல் படிப்படியாக வந்த விதி. 2022இல் விதியை இறுக்கினார்கள். 2024 செப்டம்பரில் தேசிய அளவில் ஒரு கட்டமைப்பே வந்துவிட்டது. விதி நல்ல விதிதான். விளைவு என்ன? அறிக்கை எழுதுவது ஒரு தொழிலாகிவிட்டது. பெரிய ஆலோசனை நிறுவனம் லட்சத்தில் வாங்கும். அது சின்ன நிறுவனத்துக்கு ஆயிரத்தில் தள்ளும். சின்ன நிறுவனம் ஒரு ஃப்ரீலான்சரைப் பிடித்து நூறில் முடிக்கும். தோட்டத்துக் காண்ட்ராக்ட் முறையை அப்படியே மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். லிஃப்டும் வைத்துவிட்டார்கள்.

எங்கள் தாமானில் ஒரு பெண், சுற்றுச்சூழல் அறிவியல் பட்டம் வாங்கியவள். ஒரு கம்பெனிக்கு (பெயர் வேண்டாம், நான் வழக்குக்கு அலைய முடியாது) அறிக்கை எழுத அழைப்பு வந்தது. முதலில் மாதிரிக்கு ஓர் அத்தியாயம், இலவசமாக. எழுதிக்கொடுத்தாள். பிறகு பதில் இல்லை. ஆறு மாதத்தில் அறிக்கை வந்தது, அவள் அத்தியாயம் அதில் இருந்தது, அவள் பெயர் இல்லை. அத்தியாயத்தின் தலைப்பு: எங்கள் மக்கள், எங்கள் பலம். கேட்டதற்கு, "உங்களுக்கு நல்ல அனுபவம் கிடைச்சிருக்கும்லா" என்றார்களாம். கிடைத்தது. அதை எந்த வங்கியில் போடுவது என்றுதான் தெரியவில்லை.

அந்த மாதிரி அறிக்கைகளை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். கெட்டித் தாள். மறுசுழற்சித் தாள்தான் என்று கடைசிப் பக்கத்தில் போட்டிருக்கும். நடுவில் ஒரு படம். செம்பனைக்குக் கீழே தலையில் துண்டு கட்டிய ஒரு தமிழ்க் கிழவி சிரித்துக்கொண்டு நிற்பாள். அவள் எதற்குச் சிரிக்கிறாள் என்று நான் யோசித்ததுண்டு. அவள் பராகுவாட் தெளித்தவளாக இருக்கலாம். முதுகில் டின்னைக் கட்டிக்கொண்டு, வெயிலில் முகமூடி போட்டால் மூச்சு முட்டும் என்பதால் துண்டை மட்டும் சுற்றிக்கொண்டு, களைக்கொல்லியை நெரை நெரையாக அடித்தவள். நகம் கழன்றது, மூக்கில் ரத்தம் வந்தது, கண் எரிந்தது என்று அந்தப் பெண்கள் சொன்னதை ஐரின் பெர்னாண்டஸின் தெனகனிதா அமைப்பு 2002இல் தொகுத்து வெளியிட்டது. அதே ஆண்டு அரசாங்கம் பராகுவாட்டுக்குத் தடை சொன்னது. 2006இல் தடையைத் தளர்த்தியது. எதற்கு? இன்னும் ஆராய வேண்டுமாம். ஆராய்ந்தார்கள், ஆராய்ந்தார்கள், 2020 ஜனவரி 1 அன்றுதான் முழுத் தடை வந்தது. இடையில் 13 ஆண்டுகள் நம் அக்காமார் தெளித்துக்கொண்டே இருந்தார்கள். செம்பனை எண்ணெய்க்கான நிலைத்தன்மை வட்டமேசை, அதாவது ஆர்எஸ்பிஓ, 2004இலேயே தொடங்கிவிட்டது. அதன் செயலகம் கோலாலம்பூரிலேயே இருக்கிறது. தொலைவு ஒரு காரணமாக இருக்க முடியாது.

அந்த வட்டமேசையின் சான்றிதழ்கள் என்ன சாதித்தன என்பதை நாம் அமெரிக்கச் சுங்க அதிகாரிகளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று. 2020 செப்டம்பர் 30 அன்று எஃப்ஜிவி, டிசம்பர் 30 அன்று சைம் டார்பி பிளாண்டேஷன். கட்டாய உழைப்புக்கான அறிகுறிகள் தெரிகின்றன என்று இரண்டின் செம்பனை எண்ணெயையும் அமெரிக்கா துறைமுகத்தில் நிறுத்தியது. இரண்டுமே வட்டமேசை உறுப்பினர்கள். கடப்பிதழ் பிடுங்கல், கடன்சுமை, தரகுப்பணம் என்று புகார்கள். வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வேலைக்கு வரக் கட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுத்து, முறைகளைத் திருத்தி, 2023 பிப்ரவரியில் சைம் டார்பி மீதான தடை நீங்கியது. அதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் ஒரு கேள்வி. இத்தனை ஆண்டு தணிக்கைக்கு வந்தவர்கள் எதைப் பார்த்தார்கள்? மரத்தைப் பார்த்தார்கள். குரங்கைப் பார்த்தார்கள். ஆற்றோரம் எத்தனை மீட்டர் விட்டிருக்கிறார்கள் என்று நாடா பிடித்தார்கள். லயத்துக்குள் எட்டிப் பார்க்க நேரம் போதவில்லை.

இப்போது புக்கிட் தாகாருக்கு வாருங்கள். செரண்டாவிலிருந்து ரொம்ப தூரமில்லை. மேரி, நைஜல் கார்டனர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார் உள்ளிட்ட ஐந்து தோட்டங்கள் இந்த வட்டாரத்தில் இருந்தன. பால் மரம், செம்பனை, கோயில், ஆயாக்கொட்டாய், தமிழ்ப்பள்ளி. 90களில் நிலம் பெர்ஜாயா குழுமத்தின் கைக்குப் போனது. புதுநகர் வரும் என்றார்கள். வேலை போனவர்களுக்கு வீடு வரும் என்றும் சொன்னார்கள். 2005இல் அங்கே வந்தது கோலாலம்பூரின் குப்பை.

புக்கிட் தாகார் குப்பை நிலம் சாதாரணமானதல்ல, நியாயமாகச் சொல்ல வேண்டும். சுமார் 1,700 ஏக்கர். அடியில் விரிப்பு போட்டு, கசியும் நீரைச் சுத்திகரித்து, மேலே மண் மூடுகிறார்கள். ஜிஞ்சாங் பக்கம் தாமான் பெரிங்கினில் அமுக்கிக் கட்டிய தலைநகரத்துக் குப்பை லாரி லாரியாக நெடுஞ்சாலையில் ஏறி இங்கே வந்து சேருகிறது. அழுகும் குப்பையிலிருந்து வரும் வாயுவைப் பிடித்து மின்சாரம் எடுத்து தெனகாவுக்கு விற்கிறார்கள். பொறியியல் ரீதியாகக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. பங்சாரில் தின்று மிஞ்சிய சோறு இங்கே வந்து வாயுவாகி, மின்சாரமாகி, பசுமை எரிசக்தி என்று பெயர் வாங்கி, ஊக்க விலையில் விற்கப்படுகிறது. குப்பைக்கே ஒரு வழி பிறந்துவிட்டது. அந்த மண்ணில் மூன்று தலைமுறை பால் எடுத்தவர்களுக்கு?

வாக்குறுதி பிறந்தது. 2010 ஏப்ரலில் உலு சிலாங்கூர் இடைத்தேர்தல் வந்தபோது இந்தத் தோட்டத்து மக்கள் ஒரு வாரத்துக்கு மலேசியாவிலேயே மிக முக்கியமான மனிதர்களாக இருந்தார்கள். வராத அமைச்சர் இல்லை. தேர்தல் முடிந்தது, கார்கள் போய்விட்டன, தூசி மட்டும் நின்றது. பிறகு பொதுத் தேர்தல்கள், ஆட்சி மாற்றம், இன்னோர் ஆட்சி மாற்றம், மறுபடி ஒன்று. கடைசியில் 2023இல் பிரதமர் அன்வார் காலத்தில் பெஸ்தாரி ஜெயாவில் 245 குடும்பங்களுக்குத் தரைவீடு என்று திட்டம் தொடங்கியது. நிலத்தை பெர்ஜாயா கொடுக்க, அரசாங்கம் கட்ட. தலைநகரத்தின் குப்பைக்கு இடம் ஒதுக்கி 18 ஆண்டுகள் கழித்து மனிதர்களுக்கு அடிக்கல். வீட்டுக்குக் காத்திருந்தவர்களில் எத்தனை பேர் இடையில் சுடுகாட்டுக்கு இடம் மாறினார்கள் என்பதை எந்த நிலைத்தன்மை அறிக்கையும் கணக்கில் எடுக்காது. அந்தக் கட்டத்துக்கு அட்டவணையில் நிரல் இல்லை.

அந்த வீட்டுப் பிள்ளைகளிடம் போய்த்தான் இன்று சொல்கிறார்கள்: தம்பி, குப்பை மேலாண்மையில் நிறைய ஃப்ரீலான்ஸ் வாய்ப்பு இருக்கிறது, உன் முகப்புப் பக்கத்தில் ஆர்வத்தைக் காட்டு.

ஆர்வம்! மீதியெல்லாம் இருக்கட்டும், இந்த ஒரு பொருளைத்தான் ஏழையிடம் இவர்கள் கட்டாயமாகக் கேட்கிறார்கள். கணக்காளரிடம் யாரும் ஆர்வம் கேட்பதில்லை. வக்கீலிடம் கேட்பதில்லை. 2020 செப்டம்பரில் ராவாங் பக்கம் சுங்கை கோங்கில் எவனோ கழிவைக் கொட்டி, நாற்றம் சுங்கை சிலாங்கூரில் கலந்து, நான்கு நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களை மூடினார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏறக்குறைய 12 லட்சம் கணக்குகளுக்குக் குழாய் வறண்டது. கோவிட் காலம், கை கழுவு கை கழுவு என்று வானொலி கதறிக்கொண்டிருக்கிறது, கழுவ நீரில்லை. அப்போது என்ன சொன்னார்கள்? ஆற்றைக் கண்காணிக்க மக்கள் முன்வர வேண்டும். வருவார்கள். தன்னார்வலராக. ராஜா மூசா கரிநிலக் காட்டில் தீப்பிடிக்காமல் இருக்கக் கால்வாயை அடைத்து, கன்று நட்டு, வறட்சியில் காவல் இருக்க வேண்டும். 2008 முதல் அங்கே உண்மையான மீட்பு வேலை நடக்கிறது, பக்கத்து ஊர் மக்கள் அதில் உழைக்கிறார்கள். கம்பெனிக்காரர்கள் சனிக்கிழமை பேருந்தில் வந்து ஆளுக்கொரு கன்று நட்டுப் படம் எடுத்துக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்புகிறார்கள். படம் எடுக்க வந்தவருக்குக் கூலி உண்டு. பதாகை அடித்தவருக்கு உண்டு. நிகழ்ச்சியை நடத்திக்கொடுத்த நிறுவனத்துக்கு நிறையவே உண்டு. ஆற்றையும் காட்டையும் காப்பவன் சும்மா செய்ய வேண்டும். அதைப் பற்றிப் பேசுகிறவனுக்குத்தான் பணம். பசுமைப் பொருளாதாரத்தின் ரகசியம் அவ்வளவுதான், இதற்குப் பயிலரங்கு தேவையில்லை.

உண்மையான பசுமை ஃப்ரீலான்சரைப் பார்க்க வேண்டுமா? காலை பத்து மணிக்கு உங்கள் தாமானுக்கே வருவார். கூரையில் ஒலிபெருக்கி கட்டிய பழைய வேன். "சூராட் காபார் லாமா" என்று பதிவு செய்த குரல் ஓடிக்கொண்டே இருக்கும். பழைய பேப்பர், இரும்பு, பேட்டரி, ஓடாத சலவை இயந்திரம், எதையும் எடுப்பார். முகப்புப் பக்கம் இல்லை. சான்றிதழ் இல்லை. நட்சத்திரம் இல்லை. மறுசுழற்சி பற்றிய கருத்தரங்குக்கு அவரை யாரும் அழைத்ததில்லை. வண்டி நிறுத்தியதற்கு நகராண்மைக் கழகத்தின் அபராதச் சீட்டு மட்டும் வந்திருக்கும். கோலசிலாங்கூர் கம்போங் குவாந்தானில் இருட்டில் துடுப்புப் போட்டு மின்மினி காட்டும் படகோட்டியும் அந்த இனம்தான். மோட்டார் இல்லை, புகை இல்லை, சத்தமில்லை. கரையில் பெரம்பாங் மரம் இருக்கும்வரை மின்மினி, மின்மினி இருக்கும்வரை அவர் பிழைப்பு. மரத்தை வெட்டுவது அவர் கையில் இல்லை.

எண்ணெய்க் கதையையும் சொல்லிவிடுகிறேன், சிரிப்பதா அழுவதா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். ஏழைகளுக்காக அரசாங்கம் மானியம் கொடுத்து விற்கும் ஒரு கிலோ சமையல் எண்ணெய்ப் பாக்கெட் 2 ரிங்கிட் 50 சென். பொரித்து முடித்துக் கறுத்துப்போன எண்ணெயை விமான எரிபொருளுக்கு என்று அதைவிடக் கூடுதல் விலைக்கு வாங்குகிறார்கள். நல்ல எண்ணெயைவிடத் தீய்ந்த எண்ணெய் ஒசத்தி. மலேசியா சேகரிக்கக்கூடிய அளவைவிடக் கூடுதலாகப் பழைய எண்ணெய் ஏற்றுமதியாகிறதே என்று 2024இல் ஓர் ஐரோப்பியச் சுற்றுச்சூழல் அமைப்பு கேட்டது. விடை நம் மளிகைக் கடையில் வேலை செய்யும் பையனுக்குத் தெரியும். பாக்கெட் எப்போதும் ஸ்டாக் இல்லை. வறுபடாமலே பழசாகிவிட்ட எண்ணெய் பசுமையாகி வானத்தில் ஏறுகிறது. வீடு வீடாகப் போய் நிஜமாகவே பழைய எண்ணெயைத் தகரத்தில் வாங்கி வருகிற அக்காவுக்கு மட்டும் கிலோவுக்கு எவ்வளவு என்று தரகர் அன்றன்று சொல்வார்.

ஆக, பசுமை வேலையே கிடையாதா? உண்டு. கூரைக்குச் சோலார் மாட்டுவது, அதற்கு வயர்மேன் சான்றிதழ் வேண்டும், அது இருக்கிறவனுக்கு வேலை தேடி வருகிறது. சிறு தோட்டக்காரர்களுக்கு, மலேசியாவின் செம்பனைச் சான்றிதழான எம்எஸ்பிஓவுக்கான கணக்கு, பதிவேடு, வரைபடம் தயாரித்துக் கொடுப்பது. அது 2020 முதல் கட்டாயம் என்பதால் ஆள் தேவைப்படுகிறது, நிலத்தை நடந்து பார்த்தவனுக்குத்தான் அது வரும், நம் பிள்ளைகளுக்கு வரும். ரசாயன டின்னில் ஒட்டும் எச்சரிக்கையைத் தமிழிலும் வங்காளத்திலும் நேபாளியிலும் சரியாக எழுதுவது. அறிக்கை எழுதுவதும்கூட வேலைதான், பொய் சொல்லாமல் எழுதச் சம்மதித்தால். இந்த வேலைகளைத் தளம் கொடுக்காது. பக்கத்து ஊர் முதலாளி, கூட்டுறவுச் சங்கம், கோயில் நிர்வாகம், பள்ளி வாரியம், இவர்களிடம் நேரில் போய், இவ்வளவு செலவு, இத்தனை மாதத்தில் மின்கட்டணத்தில் இவ்வளவு மிச்சம் என்று தாளில் போட்டுக் காட்டினால் கிடைக்கும். பூமியைக் காப்பாற்றுவோம் என்று சொல்லிப் போனால் தே தாரே கிடைக்கும்.

2025 ஆகஸ்ட் 28 அன்று மக்களவை கிக் தொழிலாளர் மசோதாவை நிறைவேற்றியது. எழுத்தில் சேவை ஒப்பந்தம், சொக்சோ பாதுகாப்பு, தகராறு வந்தால் தீர்ப்பாயம். தாமதமானாலும் வந்ததே, வரவேற்போம். ஆனால் 2025 பிப்ரவரி முதல் நடப்பில் இருக்கும் 1,700 ரிங்கிட் குறைந்தபட்ச சம்பளம் ஒரு முதலாளியிடம் வேலை ஒப்பந்தத்தில் இருக்கும் ஊழியருக்குத்தான். நீங்களே உங்கள் முதலாளி அல்லவா, உங்களுக்குக் குறைவாகக் கொடுப்பது நீங்கள்தானே, யார்மேல் வழக்குப் போடுவது?

ஆகவே செரண்டா, ராவாங், பத்தாங் காலி, பெஸ்தாரி ஜெயா, கோலசிலாங்கூர் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். மாதிரிக்கு இலவசமாக எழுதித் தரச் சொன்னால், செய்துமுடித்த வேலையைக் காட்டுங்கள், புதிதாகச் செய்யாதீர்கள். வேலை தொடங்குமுன் பாதிப் பணம் கேளுங்கள். மீதி எந்தத் தேதி என்று தாளில் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுக்கிறவர் எத்தனை மரம் நட்டிருந்தாலும் சரி, அவர் வேலை உங்களுக்கு வேண்டாம். யார் எவ்வளவு கொடுக்கிறார்கள், யார் இழுத்தடிக்கிறார்கள் என்பதை ஒருவருக்கொருவர் சொல்லுங்கள். உங்களிடம் ஏற்கெனவே பத்து வாட்ஸ்ஆப் குழுக்கள் இருக்கின்றன, காலை வணக்கம் போட. ஒன்றை இந்த வாரமே கூலி விவரத்துக்கு ஒதுக்குங்கள்.